பக்கத்துக் கட்டில் அக்காவும் மாமியின் செபமாலையும்

களியக்காவிளைக்காரி:

போன வருஷம் மாமியைத் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெரிய நோய் என்றால் எல்லை தாண்டுவது எங்கள் ஊர் வழக்கம்தான். நாங்கள் ரோமன் கத்தோலிக்கர், அதாவது ஆர்.சி. பக்கத்துக் கட்டிலுக்குத் துணை இருந்த அக்கா மார்த்தாண்டம் பக்கம், வேறு சபை (புராட்டஸ்டண்ட்). மாமி படுத்தபடியே செபமாலை (மணி உருட்டி மாதாவை நோக்கிச் சொல்லும் செபம்) சொல்வதைக் கேட்டுவிட்டு, “மக்களே, நீங்க ஆர்.சி.க்காரங்க வேதம் வாசிக்க மாட்டீங்க இல்லியா? அதான் வேதத்துல இல்லாததைச் சொல்றீங்க” என்றார். குத்தலாக இல்லை, பரிதாபப்பட்டு. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

அவருடைய வேதாகமத்தையே வாங்கி லூக்கா 1:28 எடுத்தேன். “கிருபை பெற்றவளே, வாழ்க.” மாமி சொல்லும் “அருள் நிறைந்த மரியே வாழ்க” அதே வானதூதர் வாக்குதான். அடுத்தது மரியாவின் உறவினர் எலிசபெத் சொன்னது, 1:42. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்ற பின்பாதி மட்டும் திருச்சபை சேர்த்தது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

அக்கா விடவில்லை. 23ஆம் சங்கீதத்தை ஆரம்பித்தார்: “கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்…” மாமி திருதிருவென்று விழித்தார். நான் “ஆண்டவரே என் ஆயர்” என்று எடுத்துக்கொடுத்ததுதான் தாமதம், மீதியை மாமியே சொல்லி முடித்தார்! ஒரே பாட்டுதான், எங்களுக்குத் திருப்பாடல், அவர்களுக்குச் சங்கீதம். தமிழில் பாதிச் சண்டை இந்தச் சொற்களால்தான் என்று எனக்குத் தோன்றும்.

மாமிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் பூசையில் (எங்கள் கோயில் வழிபாடு) காது கொடுத்து உட்காருவார். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்றில் வரும். வேத வாசகம் இல்லாத பூசையே கிடையாது. அதிகாரம், வசன எண் கேட்டால் மட்டும் மாட்டிக்கொள்வார். (நானும்தான்.) அக்கா சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. 1960கள் வரை எங்கள் பூசை லத்தீனில்தான். மாமியின் சின்ன வயதில் வீட்டில் வேதப்புத்தகமே கிடையாதாம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எனக்கு வேறு கூத்து. கூட வேலை பார்க்கும் புராட்டஸ்டண்ட் அண்ணன் என் திருவிவிலியத்தில் (எங்கள் வேதாகமம்) உள்ள நூல்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “66தானே இருக்கணும், 73 இருக்கே, ஏழு புத்தகத்தைச் சேர்த்துட்டீங்களே” என்றார். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் 1534 ஜெர்மன் வேதாகமத்திலும், 1611 ஆங்கில வேதாகமத்திலும்கூட அந்த ஏழும் தனிப் பகுதியாக இருந்தன என்றேன். நம்பவில்லை. சரி, வாசித்தாவது பாருங்கள் என்று அந்த ஏழில் ஒன்றான தோபித்து நூலைக் காட்டினேன். அதில் தோபியா பயணம் போகும்போது கூடவே ஒரு நாயும் போகும். அண்ணன் வீட்டில் மூன்று நாய்கள். புத்தகத்தை இரவல் வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.