ஐந்து இதழ்ப் பூக்கள்: வடக்கு பார்த்த காரிடாரில் எது பூக்கும்?

யீஷூன்_செம்பருத்தி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து இதழ் இருந்தால்தான் பூ. அடுக்குச் செம்பருத்தியைப் பார்த்தால் கசங்கிய டிஷ்யூ மாதிரி இருக்கிறது (அடுக்குப் பிரியர்கள் மன்னிக்கவும்). ஒற்றையில் இதழ் ஐந்தும் விரிந்து, நடுவில் மகரந்தத் தண்டு துருத்திக்கொண்டு நிற்குமே, அதுதான் அழகு. தினமும் முருகன் படத்துக்கு ஒன்று வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வாசலை ஒட்டிய காரிடார் வடக்கு பார்த்தது. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை செடி தினமும் பூத்தது. அக்டோபரில் குறைந்தது. இப்போது டிசம்பரில் மொட்டு வைத்தாலும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. உரமும் தண்ணீரும் அதே அளவுதான். மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார். வேறு செடி வாங்கவா? உங்களுக்குப் பிடித்த ஐந்து இதழ்ப் பூ எது?

ஜூரோங்_மாமா:
கண்ணுமில்லை, ஒன்றுமில்லையம்மா. வெயில்தான். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும், உங்கள் காரிடாருக்கு நேர் வெயில் வரும். மற்ற மாதங்களில் தெற்கே போய்விடும். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை மேகம் வேறு. என் வீடு தெற்கு பார்த்தது. தைப்பூசத்துக்குச் செம்பருத்தி பூத்துக் குலுங்கும், ஜூன் மாதம் இலை மட்டும்தான்.

செடியைத் தூக்கிப் போட வேண்டாம். வெயில் இல்லாத மாதங்களில் உரத்தைக் குறையுங்கள், மேல்மண் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். பிப்ரவரி கடைசியில் நுனிகளை வெட்டிவிடுங்கள். செம்பருத்தி புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும். அப்புறம், இலைக்காம்பு இடுக்கில் மாவுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். மொட்டு உதிர அதுவும் ஒரு காரணம்.

பொங்கோல்_நித்யா:
மாமா சொன்னது சரி. அக்கா, என் ஓட்டு ஒற்றை நந்தியாவட்டைக்கு. வெள்ளை இதழ் ஐந்தும் ஒரே பக்கமாக முறுக்கி, காற்றாடி போல இருக்கும். பாதி நிழலிலும் பூக்கும், சாமிக்கும் ஆகும். இருட்டினால் லேசாக ஒரு வாசனை வரும்.

நித்தியகல்யாணியும் ஐந்து இதழ்தான், ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும், மழையில் வேர் அழுகிவிடும். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வந்தது. அதற்காக யாரும் இலையை மென்று பார்க்க வேண்டாம், நச்சு. சீனப் புத்தாண்டு நெருங்கும்போது நர்சரிகளில் அடினியம் வந்து குவியும். அதுவும் ஐந்து இதழ், கொள்ளை அழகு, ஆனால் அதன் பாலும் விஷம். அரளியும் அப்படித்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

தேக்கா_தம்பி:
இட்லிப்பூவை விட்டுவிட்டீர்களே! எங்கள் புளோக்குக் கீழே வேலி முழுக்க அதுதான்.

பொங்கோல்_நித்யா:
எண்ணிப் பாருங்கள் தம்பி, அதில் நான்குதான் :)

ஜொகூர்_மணி:
அக்கா, நீங்கள் எங்கள் பக்கம் வந்துவிடலாம். செம்பருத்தி 1960லிருந்து மலேசியாவின் தேசியப் பூ. அதன் ஐந்து இதழையும் எங்கள் நாட்டுக் கொள்கைப் பிரகடனமான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளோடு சேர்த்துப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள். உங்கள் வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் 1981இல் தேசியப் பூவானது, ஆனால் உங்கள் கணக்கில் தேறாது. ஆர்க்கிட்டுக்குப் புறவிதழ் மூன்று, இதழ் மூன்று.

யீஷூன்_செம்பருத்தி:
மணி, செடிக்காக நாடு மாற முடியாது! நித்யா, இந்த வாரமே நந்தியாவட்டை வாங்குகிறேன். மாமா, மார்ச் வரை செம்பருத்தித் தொட்டியைக் காரிடார் மதில்மேல் வைத்தால் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்காதா?

ஜூரோங்_மாமா:
வேண்டவே வேண்டாம்! கீழே யார் தலையிலாவது விழுந்தால்? தரையில் ஒரு ஸ்டாண்டு வைத்து உயர்த்துங்கள், நடக்க 1.2 மீட்டர் வழி விடுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் தண்ணீர் தேங்கவே கூடாது, டெங்கிக் கொசு வரும். நந்தியாவட்டை வாங்கும்போது பூத்த செடியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஒற்றை என்று சொல்லி அடுக்கைத் தந்துவிடுவார்கள்.