ஷெ மக்களின் வரைபடத்தில் ஹோ நே மொழியை எங்கே குறிப்பது?

வாசுகி_ஈசூன்: வணக்கம். சமூக மன்றத்தில் வைக்கவிருக்கும் தென்சீன மொழிகள் பலகைக்கு ஏ1 தாளில் வரைபடம் தயாராகிறது. சீனாவின் சிறுபான்மை இனமான ஷெ மக்கள் குயிசோவிலிருந்து ஜெஜியாங் வரை வாழும் இடங்களுக்கெல்லாம் ‘ஹ்மோங் கிளை மொழி’ (சீனத்தோடு சேராத ஹ்மோங்-மியென் குடும்பத்தின் ஒரு கிளை) என்று ஒரே பச்சையைப் பூசியிருக்கிறோம். அதில் இரண்டு வட்டார வழக்குகள் உண்டாம். எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

மலைச்சொல்: கோட்டை விடுங்கள், முதலில் அந்தப் பச்சையை அழியுங்கள். 2020 கணக்கெடுப்பில் ஷெ இனத்தவர் 7,46,000க்கும் மேல். அவர்களில் ஹ்மோங் கிளை மொழியான ஹோ நே பேசுவோர் ஆயிரத்துச் சொச்சம் பேர்தான், எல்லாரும் குவாங்டோங் மாகாணத்தில். பூஜியானிலும் ஜெஜியாங்கிலும் உள்ளவர்கள் பேசும் ‘ஷெஹுவா’ ஹக்கா என்னும் சீன மொழிவகையை ஒட்டிய பேச்சு. ஷெ இனத்தின் பெயரைத் தாங்கிய, ஜெஜியாங்கின் ஜிங்னிங் தன்னாட்சி மாவட்டத்திலும் ஹோ நே கிடையாது. நம் சிங்கப்பூர் அடையாள அட்டையில் ‘இந்தியர்’ என்று இருப்பதை வைத்து வீட்டில் தமிழா பஞ்சாபியா என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். 1956இல் அங்கீகரித்தது இனத்தை, மொழியை அல்ல.

இரண்டு வழக்குகளுக்கும் பெயர் தந்தவை மலைகள். லோஃபூ வழக்கு போலோ, செங்செங் பக்கம். லியென்ஹுவா வழக்கு ஹுய்தோங், ஹைஃபெங் பக்கம். நடுவில் ஏறத்தாழ 100 கி.மீ., தோங்ஜியாங் ஆறு, சுற்றிலும் ஹக்கா ஊர்கள். இரண்டும் தொட்டுக்கொள்ளவே இல்லை, எல்லைக்கோடு எங்கிருந்து வரும்?

நிலவரை: அளவையும் பாருங்கள். ஏ1 தாளின் நீளம் 84 செ.மீ. அதில் 1,800 கி.மீ. அகலத்தை அடக்கினால் 1 செ.மீ.க்கு 21 கி.மீ. ஆகிவிடும், இரண்டு கொத்துகளும் 5 செ.மீ.க்குள் ஒட்டிக்கொள்ளும். கிழக்கு குவாங்டோங்குக்கு மட்டும் ஓரத்தில் ஓர் உள்வரைபடம் போட்டு, ஊர்களைப் புள்ளியாக வையுங்கள். மாவட்டம் முழுக்க வண்ணம் அடித்தால் அங்கே வாழும் ஹக்காக்காரர்களையெல்லாம் ஹோ நே பேசவைத்துவிடுவீர்கள்.

பழைய பதிவுகளில் செங்செங் ஒரு மாவட்டம். 2014 முதல் அது குவாங்சோ நகரின் ஒரு வட்டாரம். புதிய எல்லைக்கோப்பில் ‘செங்செங் மாவட்டம்’ என்று தேடினால் கிடைக்காது; வரைபடத்தில் ஊர் விடுபட்டுப்போகும் தவறு பெரும்பாலும் இங்கேதான். குயிசோவில் 1996இல் ஷெ இனத்தில் சேர்க்கப்பட்ட தோங்ஜியா மக்களையும் இந்தப் புள்ளிகளோடு கலக்காதீர்கள், அவர்கள் ஹோ நே பேசுவோர் அல்லர்.

வாசுகி_ஈசூன்: நன்றி. பலகையோடு ஒலிப்பதிவும் வைக்கிறோம். கிடைத்த பதிவு ஹோ நேயா, ஷெஹுவாவா என்று எப்படிச் சரிபார்ப்பது? ஹக்கா பேசும் பாட்டி ஒருவரைக் கேட்கச் சொல்லலாமா?

மலைச்சொல்: கேட்கச் சொல்லலாம், ஆனால் அவர் தீர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். குவாங்டோங்கின் ஹுய்சோ வழிவந்த ஹக்கா குடும்பங்கள் சிங்கப்பூரில் உண்டு. ஹோ நேயில் ஹக்காவிலிருந்து கடன்வாங்கிய சொல் ஏராளம். பாதி புரிந்தவுடன் ‘இது எங்கள் பேச்சுதான்’ என்று அவர் சொல்ல வாய்ப்பு அதிகம்.

எண்களைக் கேளுங்கள். ஹக்காவில் இரண்டு ‘ஙி’, மூன்று ‘ஸம்’. ஹோ நேயில் ‘உ’, ‘பா’. ஹ்மோங் மொழியில் இதற்கு ‘ஓ’, ‘பெ’ என்று வருவதை ஒப்பிட்டால் உறவு தெரியும். ‘மனிதன்’ என்ற சொல்லை வைத்துச் சோதிக்காதீர்கள். ஹோ நேயில் ‘நே’, ஹக்காவில் ‘ஞின்’, பழகாத காதுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பலகையில் நான் கட்டாயம் எழுதச் சொல்வது இரண்டு பெயர்களைத்தான். ‘ஹோ நே’ என்றால் மலை மனிதர், சொல் ஹ்மோங் கிளையுடையது. ஷெஹுவா பேசுவோர் தங்களை ‘ஷான்ஹா’ என்பார்கள், அது மலை விருந்தாளி, இரண்டு பாதியும் சீனம். ‘ஹா’ என்பது ஹக்காவில் உள்ள அதே ‘ஹக்’. இனப்பெயரைத் தமிழில் ‘ஷெ’ என்றே எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘ஷீ’ என்று போட்டுவிடுகிறார்கள்.

நிலவரை: விளக்கக் குறிப்பில் குவாங்சியின் ஜின்ஷியு பகுதியில் பேசப்படும் ஜியோங்நாய் மொழிக்கும் ஒரு வரி கொடுங்கள். ஹோ நேக்கு நெருங்கிய சொந்தமாக மொழியியலாளர்கள் மாவ் சோங்வுவும் லி யுன்பிங்கும் காட்டியது அதைத்தான். அதைப் பேசுவோர் அரசுப் பதிவில் ஷெ அல்லர், யாவ் இனத்தவர். உள்வரைபடத்துக்குள் அது அடங்காது, பெரிய வரைபடத்தில் வேறு வண்ணப் புள்ளி வைத்தால் போதும்.