தபால் பெட்டியில் உங்கள் பெயர் இருக்கிறதா? ஜெர்மனி வாழ் தமிழர்களின் அனுபவங்கள்

ஷ்டுட்கார்ட்டிலிருந்து:

ஜெர்மனிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் அரிசி எங்கே கிடைக்கும், வாடகை எவ்வளவு ஆகும் என்பதுதான். நான் முதலில் சொல்வது வேறு. வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள். வீட்டில் இருக்கிற அத்தனை பேர் பெயரையும் ஒட்டுங்கள்.

நம் ஊரில் கதவு எண் இருந்தால் போதும், கடிதம் வந்துவிடும். இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் கிடையாது. முகவரியில் தெருப் பெயரும் கட்டட எண்ணும்தான். உள்ளே பதினாறு குடும்பம் இருந்தாலும், பெட்டியில் எழுதியிருக்கும் குடும்பப் பெயரை வைத்துத்தான் கடிதம் போடுவார்கள். பெயர் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

நாங்கள் 2019 மார்ச்சில் வந்தோம். என் கணவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் மாமனார் பெயர். அதை மட்டும் பெட்டியில் ஒட்டினோம். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பா பெயர். மகளுக்கு என் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். நமக்கு இதில் வியப்பே இல்லை. தபால்காரர் கணக்கில் நானும் மகளும் அந்த வீட்டில் இல்லாதவர்கள்.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு போய் அதை ஒழுங்காகச் செய்தோம். அதன்பின் வரி அடையாள எண் தபாலில் வரும். கணவருக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஜூனில் எனக்கு வேலை கிடைத்தது. எண் இல்லாததால் சம்பளத்தை ஆறாம் வரி வகுப்பில் போட்டுவிட்டார்கள். இருப்பதிலேயே அதிக வரி பிடிக்கும் வகுப்பு அது. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து அழுதுவிட்டேன். எண்ணை மறுபடியும் கேட்டு எழுதினேன். அதைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள், தபாலில்தான் அனுப்புவார்கள். அந்தக் கடிதமும் வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது மூன்றாம் மாடியில் இருந்த பாட்டி. எனக்கு வந்த ஒரு பார்சலை அவர் வாங்கி வைத்திருந்தார். இங்கே நாம் வீட்டில் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, யாரிடம் இருக்கிறது என்று ஒரு சீட்டு போட்டுவிட்டுப் போவார்கள். வாங்கப் போனபோது பார்சலில் இருந்த பெயரைக் காட்டி, “இது யார்?” என்றார். நான்தான் என்றேன். என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போய், பெட்டியில் விரலை வைத்து, “நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டார். அப்புறம் அவரே ஒரு அட்டையில் என் அப்பா பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதி, மழையில் நனையாதபடி மேலே டேப் ஒட்டினார். அடுத்து வந்த கடிதத்தில் எண் இருந்தது. பிடித்த பணமும் பிறகு சரியாகிவிட்டது.

இதுபோல் கடிதத்தால் பட்ட பாடு வேறு யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

டோர்ட்முண்டிலிருந்து:

தங்கச்சி சொன்னது நூறு வீதம் சரி. நான் 1985இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அந்தக் காலத்தில் எங்கட சீவியமே கடிதத்தில்தான் தொங்கியது. அகதி மனுவுக்கு என்ன முடிவு, விசா எத்தனை மாதம், வேலை செய்யலாமா, எல்லாம் கடிதத்தில் வரும். ஒருவருக்கும் டொச், அதாவது ஜெர்மன் மொழி, தெரியாது. விடுதியில் நாற்பது பேர் இருந்தால் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஒருவனைச் சுற்றித்தான் இரவு முழுக்க நிற்போம்.

பிறகு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அவர்கள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். என் மகன் ஒன்பது வயதில் வரிக் கடிதம் வாசித்தான். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போனாலும் யாராவது சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, “தம்பி, இதில் என்ன எழுதியிருக்கு?” என்று அவனிடம் நீட்டுவார்கள். அந்த வயதில் அவனுக்கு அது பெரிய சுமை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்க அலுவலகமோ கோர்ட்டோ அனுப்புகிற மஞ்சள் கடித உறை வந்தால் அன்றைக்கே திறவுங்கோ. பெட்டிக்குள் போட்ட திகதியை அந்த உறையிலேயே எழுதியிருப்பார்கள். தவணை அந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும், நீங்கள் வாசித்த நாளிலிருந்து அல்ல. வேகமாகக் கார் ஓட்டினதுக்கு வரும் தண்டத்தை ஆட்சேபிக்க இரண்டு கிழமை, பதினாலு நாள்தான். நான் ஊருக்குப் போய் மூன்று கிழமை கழித்து வந்தபோது ஒன்று பெட்டிக்குள் கிடந்தது. தண்டக் காசைக் கட்டினேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் பெட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். உறையை எறிய வேண்டாம், கடிதத்தோடு சேர்த்து ஓர்ட்னரில், அதுதான் கடிதம் கோக்கிற ஃபைலில், கோத்து வையுங்கோ.

பெர்லினிலிருந்து:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நான் படிக்க வந்தவன். முகவரியைப் பதிந்த சில வாரங்களில் ஒளிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. என்னிடம் டிவியும் இல்லை, ரேடியோவும் இல்லை. அதனால் நமக்கு வந்ததில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அடுத்தடுத்து வந்ததையும் அப்படியே போட்டேன்.

அது டிவி வைத்திருப்பதற்கான கட்டணம் இல்லை. வீட்டுக்கு இத்தனை என்று கட்ட வேண்டியது, மாதம் 18.36 யூரோ. இரண்டு வருடம் கட்டாமல் விட்டதில் 440 யூரோவுக்கு மேல் சேர்ந்து, அதன்மேல் தாமதக் கட்டணமும் வந்தது. பகுதி நேர வேலையில் வாழ்கிற மாணவனுக்கு அது ஒரு மாத வாடகை மாதிரி. தவணையில் கட்ட அனுமதி கேட்டு எழுதினேன், ஒப்புக்கொண்டார்கள்.

நண்பர்களோடு சேர்ந்து ஒரே வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். கட்டுகிறவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, உங்களுக்கு வந்த கடிதத்துக்குப் பதிலில் எழுதி அனுப்ப வேண்டும். பதிலே போடாமல் இருந்தால் உங்கள் பெயரிலும் ஒரு கணக்கு ஓடும். அறையை உள்வாடகைக்கு எடுத்திருந்தால், முகவரியில் உங்கள் பெயருக்குக் கீழே பெட்டியில் பெயர் உள்ளவரின் பெயரை c/o போட்டு எழுதச் சொல்லுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து:

ஆறு வருடம் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள் நான். வரும்போது பெயர் ஒட்டுவதைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், போகும்போது பெயரைக் கிழிப்பதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முகவரிப் பதிவை ரத்து செய்தேன், வங்கிக்குச் சொன்னேன், வீட்டுக்காரருக்கு மட்டும் கோவை முகவரியைக் கொடுக்கவில்லை. தண்ணீர், ஹீட்டர் செலவுக்கான வருடாந்திரக் கணக்கு, அந்தக் கணக்கு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதம் வரைக்கும்கூட வரலாம். அதைக் கழிப்பதற்காக முன்பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தார். கணக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. என் பணம் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் இருந்தது அந்த ஒரு முகவரிதான்.

கிளம்பும் முன் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி, வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியிலேயே இருக்கிற நம்பிக்கையான நண்பர் முகவரி என்றால் இன்னும் நல்லது.

ஷ்டுட்கார்ட்டிலிருந்து:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐயா, உங்கள் மகனைப் பற்றி வாசித்தபோது என் மகள்தான் நினைவுக்கு வந்தாள். அவளுக்கும் இப்போது ஒன்பது வயது. கடிதம் வாசிக்க அவளைக் கூப்பிடும் பழக்கம் எனக்கும் இருக்கிறது, இனி நானே அகராதியோடு உட்காருகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் மதுரைக்காரக் குடும்பம் ஒன்று குடிவந்தது. சாம்பாரும் பொரியலும் கொண்டுபோனேன், கூடவே அட்டை, பேனா, டேப். நான்கு பேர், நான்கு குடும்பப் பெயர். பெட்டியில் இடம் போதவில்லை, எழுத்தைச் சின்னதாக்கி நான்கையும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.