முந்திரியில் கொண்டுவந்து விட்ட முசுறு எறும்பு பத்து நாளில் காணாமல் போகிறது, உதவி தேவை

கொல்லாமரத்தான்:
வணக்கம். தான்சானியாவின் தென்கோடியில், ம்ட்வாரா பக்கம் ஒரு முந்திரித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் பண்ருட்டி அருகே என்பதால் மரம் எனக்குப் புதிதில்லை. இங்கே துளிரில் சாறு உறிஞ்சும் தேயிலைக்கொசு என்ற பூச்சி கடுமையாக விழுகிறது. துளிரும் பூங்கொத்தும் கருகிக் கருகி நிற்கின்றன. பக்கத்துத் தோட்டத்தில் மரமெல்லாம் முசுறு, அதாவது இலையைத் தைத்துக் கூடு கட்டும் எறும்பு, அங்கே துளிர் சுத்தமாக இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதை 'மாஜி மோட்டோ' என்கிறார்கள். சுவாஹிலியில் வெந்நீர் என்று பொருள். ஒரு தடவை கடி வாங்கினால் பெயர் புரிந்துவிடும்.

அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டு, பன்னிரண்டு கூடுகளைச் சாக்கில் பிடித்துவந்து ஆறு மரங்களில் இரண்டிரண்டாகக் கட்டினேன். இரண்டு நாள் நன்றாக ஓடின, இலையைக்கூட இழுக்கத் தொடங்கின. மூன்றாம் நாள் நான்கு மரங்களின் அடியில் செத்துக் கிடந்தன. பத்தாம் நாள் ஒரே ஒரு மரத்தில்தான் மிச்சம். இரண்டு மாதமாக மருந்து எதுவும் அடிக்கவில்லை. கூடு விடுவதற்கு முன் களையெல்லாம் செதுக்கித் தரையைப் பளிச்சென்று வைத்திருந்தேன். வெயில் தாங்கவில்லையா?

குமரித்தோட்டம்:
வெயில் காரணமாக இருக்காது தம்பி, அது அந்த மண்ணின் எறும்பு. நம் ஊர் முசுறு வேறு இனம் என்றாலும் குணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பன்னிரண்டு கூடும் ஒரே மரத்தில் எடுத்தவையா? செத்தவை ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு கிடந்தனவா?

கொல்லாமரத்தான்:
நாலைந்து மரங்களில் எடுத்தேன் அண்ணா. இரண்டு மரத்தடியில் நீங்கள் சொன்ன மாதிரியே, காலைக் கவ்வியபடி ஜோடி ஜோடியாகக் கிடந்தன. மற்ற இரண்டில் அப்படி இல்லை. அங்கே பழுப்பு நிறத்தில் பொடி எறும்புகள் செத்ததை இழுத்துக்கொண்டு போயின. அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிது.

எறும்புமாணவி:
அந்தப் பெரிய தலைதான் முக்கியமான தடயம். உங்களுக்கு நடந்தது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள்.

முதலாவது, கூட்டங்கள் கலந்துபோனது. ஆப்பிரிக்க முசுறு, அதாவது ஓகோஃபில்லா லாங்கினோடா, ஒரு கூட்டத்துக்கு ஒரே ராணி என்று வாழ்வது. வளர்ந்த கூட்டத்தில் வேலைக்கார எறும்புகள் ஐந்து லட்சம் வரை இருக்கலாம். ஒரே கூட்டம் பல மரங்களில் பரவி நூற்றுக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். ஆனால் பக்கத்து மரத்தில் இருப்பது வேறு கூட்டமாக இருந்தால் சாகும்வரை சண்டைதான். நீங்கள் ஒரே மரத்தில் எதிரிகளைக் குடி வைத்துவிட்டீர்கள். கூடு எடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மரத்து முசுறு ஏறிய குச்சியை மற்ற மரத்துப் பாதையில் வையுங்கள். உணர்கொம்பால் தடவிப் பார்த்துவிட்டுக் கலந்துபோனால் ஒரே குடும்பம். கவ்வி இழுத்தால் வேறு.

இரண்டாவது அந்தப் பொடி எறும்பு, ஃபெய்டோலே மெகாசெஃபாலா என்ற பெருந்தலை எறும்பு. மண்ணில் வாழ்வது, முசுறுக்குப் பரம வைரி. கிழக்கு ஆப்பிரிக்கத் தென்னந்தோப்புகளில் முசுறை விரட்டுவது பெரும்பாலும் இதுதான். பொரித்த மீன் துண்டு ஒன்றை ஒவ்வொரு மரத்தடியிலும் வைத்து அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், எந்த மரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, களையை மொத்தமாகச் செதுக்கியது உங்களுக்கே எதிராகப் போயிருக்கலாம். தரையில் புல் பூண்டு இருக்கும்போது பெருந்தலை எறும்பு கீழேயே தங்கும். வெறும் தரையானால் மரத்தில் ஏறுவது அதிகமாகும். தான்சானியாவில் எலுமிச்சை வகைத் தோட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

கொல்லாமரத்தான்:
களையைச் செதுக்கச் சொன்னதே நான்தான். சரி. ராணி இல்லாத கூட்டை வைத்தால் பயன் உண்டா?

எறும்புமாணவி:
கொஞ்ச காலம் உண்டு. கூட்டில் இருக்கும் புழுக்கள் எறும்பாகும், அந்தப் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலை வைத்துத்தான் இலையைத் தைக்கின்றன. அப்புறம் ஆள் குறைந்துகொண்டே வரும். ராணி இருக்கும் கூடு பெரும்பாலும் உச்சியில் இருக்கும், கிடைப்பது அரிது. அதைவிட எளிய வழி ஒன்று: உங்கள் எல்லை மரத்தை அவர் தோட்டத்து முசுறு மரத்தோடு கயிற்றால் இணைத்துவிடுங்கள். கூட்டம் தானே பரவி வரும், ராணி அங்கேயே இருக்கலாம். ஆனால் இணைக்கும் மரங்களில் வேறு கூட்டம் இருக்கக் கூடாது.

தீவுத்தென்னை:
ஜான்சிபாரிலிருந்து. இங்கே தென்னையில் குரும்பையைக் குத்தும் ஒரு நாவாய்ப்பூச்சி உண்டு, அதையும் முசுறு அடக்கும். 1950களில் மைக்கேல் வே என்ற ஆய்வாளர் இங்கே இதை ஆராய்ந்தார். அந்தப் பூச்சியின் பெயரிலேயே அவர் பெயர் இருக்கிறது, சூடோதெராப்டஸ் வேயி. முந்திரியையும் அது விடாது. மேற்கே பெனினில் மாம்பழ ஈக்கும் முசுறையே நம்புகிறார்கள். பராக்கூ சுற்றுவட்டாரத்தில் 2005 அறுவடையில், முசுறு நிறைந்த தோப்பில் சேதம் 1 சதவீதம், முசுறே இல்லாத தோப்பில் 24 சதவீதம்.

கூடு எடுக்கும்போது கையில் அடுப்புச் சாம்பல் பூசிக்கொள்ளுங்கள், எறும்புக்குப் பிடிமானம் கிடைக்காது. கொடுக்கு கிடையாது, ஆனால் கடித்த இடத்தில் அமிலம் பீச்சும். கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

கொல்லாமரத்தான்:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். மீன் வைத்துப் பார்த்தேன். ஆறில் இரண்டு மரத்தில் பெருந்தலை எறும்பு மொய்த்தது. அந்த இரண்டையும் விட்டுவிட்டேன். களையை இப்போது முழங்கால் உயரத்துக்கு விட்டிருக்கிறேன், மரத்தைச் சுற்றி மட்டும் அரிவாளால் மேலாக வெட்டுகிறோம். குச்சிச் சோதனை செய்து எல்லை மரத்தோடு கயிறு கட்டினேன். மூன்றாம் நாளே கயிற்றில் வரிசை போனது. இன்று காலை நான்கு மரங்களிலும் சேர்த்துப் புதுக் கூடுகள் பதினொன்று எண்ணினேன். ஒரு மரத்தில் புதுத் துளிர் கருகாமல் விரிந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

முந்திரியில் பழம் உதிர்ந்த பிறகுதான் பொறுக்குகிறோம் என்பதால் ஆட்களுக்குக் கடி குறைவுதான். கவாத்துக்குத்தான் ஏற மறுக்கிறார்கள், சாம்பல் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு மரத்துக்கு என்ன செய்யலாம்?

குமரித்தோட்டம்:
அவசரப்பட்டு அங்கே கயிறு கட்டாதே தம்பி. இந்த நான்கில் கூட்டம் பெருகட்டும். மீன் சோதனையை மாதம் ஒரு தடவை செய், மொய்ப்பது குறைந்தால் இங்கே எழுது.