மறு: ‘ஹியூமன் எரர்’ – ‘மனிதப் பிழை’ மட்டும் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘ஹியூமன் எரர்’ என்பதற்குத் தமிழில் ‘மனிதப் பிழை’ நல்ல சொல், இருக்கட்டும். ஆனால் அணுமின் நிலைய விபத்துகளை எழுத அது ஒன்று போதாது. கருவியே ஆளைத் தவறு செய்ய வைத்தால் அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையம், 1979 மார்ச் 28, அதிகாலை 4 மணி. அழுத்தம் தணிக்கத் திறந்த வால்வு திரும்ப மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. ‘மூடு’ என்ற மின்கட்டளை போனதா என்பதை மட்டுமே அந்த விளக்கு காட்டும்; வால்வு உண்மையில் மூடியதா என்பதைக் காட்டாது. அழுத்தம் காக்கும் கலனில் நீர்மட்டம் வேறு ஏறிக்கொண்டிருந்தது. உலையில் தண்ணீர் மிஞ்சிவிட்டது என்று நினைத்து, தானாக ஓடத் தொடங்கிய அவசரக் குளிர்நீரைக் குறைத்துவிட்டார்கள். தண்ணீரோ திறந்த வால்வு வழியே போய்க்கொண்டே இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் அலறின, எதைப் பார்ப்பது? இரண்டு மணி நேரத்துக்கு மேலான பிறகுதான், அடுத்த ஷிப்டுக்கு வந்த ஒருவர் சந்தேகப்பட்டு, அந்தக் குழாயின் அடைப்பு வால்வை மூடச் செய்தார். எரிபொருள் இருக்கும் உலை உள்ளகத்தில் ஏறக்குறைய பாதி உருகிப்போனது.

1977-லேயே ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே வகை வால்வு இதே போல் சிக்கியது; அங்கும் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலை குறைந்த திறனில் ஓடியதால் தப்பியது. அந்தப் பாடம் திரீ மைல் ஐலண்ட் ஊழியர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. இத்தனையையும் ‘மனிதப் பிழை’ என்று எழுதினால், பழி முழுதும் அன்றிரவு வேலையில் இருந்தவர்கள் தலையில் விழுகிறது. அது நியாயமில்லை. செர்னோபில் விஷயத்திலும் 1986-இல் பழியைப் பெரும்பாலும் ஊழியர்கள் மேல் போட்ட பன்னாட்டு நிபுணர் குழு, 1992-இல், உலையின் வினையை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் வடிவமைப்புக் கோளாறுக்கு முதன்மை கொடுத்துத் திருத்தி எழுதியது.

கருவி செய்ய வைக்கும் இத்தகைய பிழைக்கு இங்கே, நம் குழுவில், முன்மொழிந்த ‘தூண்டுபிழை’ சுருக்கமானது. ஆனால் பிழை வேறெதையோ தூண்டுகிறது என்றும் படிக்கலாம். ‘வடிவமைப்புவழிப் பிழை’ நீளம்தான், ஆனாலும் காரணம் எங்கே என்று சொல்லிவிடுகிறது. கூடவே இரண்டு சொற்கள்: கட்டளையை மட்டும் காட்டும் விளக்குக்குக் ‘கட்டளைகாட்டி’, கருவியின் உண்மை நிலையைக் காட்டுவதற்கு ‘நிலைகாட்டி’.

அப்புறம், ‘ஆபரேட்டர்’ என்பதற்கு ‘இயக்குநர்’ வேண்டாம். நிறுவனத் தலைவர் என்றோ சினிமா எடுப்பவர் என்றோ படிப்பார்கள். ‘இயக்குபவர்’ என்றே வைப்போம்.

அன்புடன்