ஜானகி அம்மாள்: "கரும்பை இனிக்க வைத்தவர்" என்று சார்ட்டில் எழுதலாமா?

வேம்படி டீச்சர்:

எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் "முன்னோடிப் பெண்கள்" என்று ஒரு மேசை போடுகிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாவரவியலாளர் ஜானகி அம்மாளை எடுத்திருக்கிறார்கள். படத்தை ஒட்டிப் பிறந்த தேதியும் பத்மஸ்ரீயும் எழுதி வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அவர் செய்த வேலையில் ஒரு பகுதியையாவது கையால் செய்து காட்ட ஆசை.

மூன்று சந்தேகங்கள். "இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர்" என்று எல்லா இடத்திலும் போடுகிறார்களே, அது சரிதானா? குரோமோசோமை (செல்லுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழை) பிள்ளைகளுக்குக் காட்ட எளிய வழி என்ன? அவர் குரோமோசோமை இரட்டிப்பாக்கப் பயன்படுத்திய கால்ச்சிசின் என்ற பொருள் கண்வலிக்கிழங்கிலேயே இருக்கிறதாம், அதை வைத்து ஏதாவது செய்யலாமா? மேல்நிலை ஆய்வகத்தில் 40எக்ஸ் லென்ஸ் உள்ள மைக்ராஸ்கோப், ஹைட்ரோகுளோரிக் அமிலம், அசிட்டோகார்மின் சாயம் எல்லாம் இருக்கின்றன.

கணுக்கரும்பு:

டீச்சர், முதல் கேள்விக்குப் பதில்: அப்படி எழுதாதீர்கள். வருடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஒத்துவராது. கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-ல் தொடங்கியது. நம் வயல் கரும்பையும் காட்டு நாணலையும் (சாக்கரம் ஸ்பொன்டேனியம்) கலந்து அந்த நிலையத்தின் விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய கோ 205 ரகம் 1918-லேயே விவசாயிகள் கைக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. (அறிவியல் முனைவர்) பட்டம் வாங்கியது 1931-ல். கோவையில் மரபியலாளராகச் சேர்ந்தது 1934-ல்.

அவர் செய்தது வேறு வேலை, என் கணக்கில் அதைவிடக் கடினமானது. கலப்பு உண்மையிலேயே நடந்ததா, நடந்தால் செல்லுக்குள் என்ன ஆனது என்று எண்ணிப் பார்த்துச் சொன்னார். கரும்பை மக்காச்சோளத்தோடும், சோளத்தோடும், தர்ப்பை இனத்தோடும், எரியாந்தஸ் புல்லோடும் கலந்து, பிறந்த செடிகளின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். வேறு வேறு பேரினங்களைச் சேர்ந்த புற்கள் இவை. இனிப்புக்காகச் செய்த வேலையும் இல்லை இது. புல் குடும்பத்துக்குள் யார் யாருக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்பதற்கான சான்று.

ஏன் எண்ணித்தான் ஆக வேண்டும்? ஒரு கரும்புப் பூங்கதிரில் ஆயிரக்கணக்கான குட்டிப் பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருக்கும். தக்காளியில் செய்கிற மாதிரி இடுக்கியால் மகரந்தப் பையை எடுத்துவிட்டுக் கலப்பு செய்ய இங்கே முடியாது. அதனால் மகரந்தம் மலடாக இருக்கும் கரும்பைத் தாயாக வைத்து, தந்தைக் கதிரை அதற்கு மேலே தொங்கும்படி கட்டி மகரந்தம் உதிர விடுவார்கள். அப்படியும் தாயின் மகரந்தத்தில் கொஞ்சம் உயிரோடு இருந்தால் தன் பூவிலேயே சேர்ந்து விதை பிடித்துவிடும். முளைத்து வருவது கலப்பா, தாயின் சொந்தப் பிள்ளையா என்று இலையைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

வேம்படி டீச்சர்:

எண்ணினால் எப்படித் தெரியும்? தாயின் பாதியும் தந்தையின் பாதியும் சேர்ந்து வருமா?

கணுக்கரும்பு:

பெரும்பாலான பயிர்களில் அப்படித்தான். கரும்பில்தான் கணக்கு மாறும். வயல் கரும்பின் மூல இனத்துக்கு (சாக்கரம் அஃபிசினாரம்) குரோமோசோம் 80. கோவை நாணலுக்கு 64. பாதிப் பாதி என்றால் 40-ம் 32-ம் சேர்ந்து 72 வர வேண்டும். ஆனால் கோ 205-ல் இருப்பது 112. தாயின் 80-ம் பாதியாகாமல் முழுசாக வந்து, தந்தையின் பாதியான 32-உடன் சேர்ந்திருக்கிறது. அதே தாய் தன் மகரந்தத்தாலேயே விதை பிடித்திருந்தால் எண்ணிக்கை 80-ஐ ஒட்டி நிற்கும். ஆக 112 என்றால் கலப்பு நிச்சயம்.

மேசையில் இந்த மூன்று எண்களையும் பெரிதாக எழுதி, "72 ஏன் வரவில்லை?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பெற்றோர்களே நின்று யோசிப்பார்கள்.

வேர்நுனி:

குரோமோசோம் காட்ட வெங்காய வேர்தான் நல்லது. எண்ணிக்கை 16, உருவமும் பெரியது. சின்ன வெங்காயம் போதும், அதற்கும் 16-தான். கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னாலேயே ஆரம்பியுங்கள்.

அடியிலுள்ள காய்ந்த வேரை, புது வேர் முளைக்கும் அடித்தட்டு அறுபடாமல் சுரண்டிவிட்டு, டம்ளர் வாயில் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். 3 நாளில் 2 செ.மீ. வேர் வரும். முளைக்காமலிருக்கப் பதப்படுத்திய வெங்காயம் மாட்டினால் வேரே விடாது, அதனால் நாலைந்து வையுங்கள்.

காலை 9-லிருந்து 11-க்குள் வேரை வெட்டுங்கள். வெட்டியதும் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் இட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 24 மணி நேரம் விடுங்கள். ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பலர் இந்தப் படியைத் தாண்டிவிட்டு, "ஏதோ கோடு மாதிரிதான் தெரிகிறது" என்பார்கள். குளிர் பட்டால்தான் கதிர்க்கோல் இழைகள் (செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகள்) கலையும், குரோமோசோம்கள் குட்டையாகி விலகி நிற்கும். இல்லாவிட்டால் 16-ம் ஒரே பட்டையாக நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும், எண்ண முடியாது.

அடுத்து 3 பங்கு எத்தனால், 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம். அன்றன்றைக்குக் கலந்து 24 மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் கண்காட்சி நாள் வரை தாங்கும்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது: 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரியில், 5 முதல் 8 நிமிடம். 100 மி.லி. தயாரிக்க அடர் அமிலம் 8.3 மி.லி. போதும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். இதை ஆய்வக உதவியாளர் செய்யட்டும், பிள்ளைகள் வேண்டாம். நேரம் குறைந்தால் செல்கள் பிரியாது. கூடினால் வேர் கூழாகும், சாயமும் பிடிக்காது.

கழுவி, அசிட்டோகார்மினில் 15 நிமிடம். இரும்பு ஊசியால் கிளறினால் நிறம் அடர்த்தியாகும். சாயம் நன்றாக ஏறிய நுனி 1 மி.மீ. மட்டும் வெட்டி 45 சதவீத அசிட்டிக் அமிலத் துளியில் வையுங்கள். அதற்கு மேலே உள்ள பகுதியில் செல்கள் நீளுமே தவிர ஒன்று இரண்டாகப் பெருகாது, வெறும் உருண்டை உட்கருதான் தெரியும். கவர் ஸ்லிப்பை மூடிப் பென்சில் ரப்பர் முனையால் மெல்லத் தட்டி, மேலே ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சுருண்டுவிடும்.

10எக்ஸில் தேடி 40எக்ஸில் எண்ணுங்கள். ஒரு ஸ்லைடில் எண்ணத்தக்க செல் மூன்று, நாலு கிடைத்தாலே நல்ல ஸ்லைடு.

கரும்பு வேரில் இதை முயல வேண்டாம். சின்னஞ்சிறு குரோமோசோம்கள், அதுவும் நூற்றுக்கு மேல், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அந்தக் காலத்தில் எண்ணெய் லென்ஸில் பார்த்து, கேமரா லூசிடா என்ற கண்ணாடிக் கருவியால் தாளில் ஒவ்வொன்றாக வரைந்துதான் எண்ணுவார்கள். வெங்காயத்தின் 16-ஐ எண்ணித் திணறிய பிள்ளைக்கு 112 என்றால் என்ன என்று புரியும். ஜானகி அம்மாளின் திறமையைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

செங்காந்தள்:

மூன்றாவது கேள்விக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். கண்வலிக்கிழங்கும் விதையும் கொடிய விஷம், தின்று உயிர் போனவர்கள் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள் என்பதால் பழகிய பொருளாகத் தோன்றும். பள்ளி மேசையில் கிழங்கு இருக்கவே கூடாது. பூவின் படம் மட்டும் வையுங்கள், நம் மாநில மலர்தானே. வேர்நுனி சொன்ன பனித்தண்ணீர் செய்யும் வேலையைத்தான் கால்ச்சிசினும் செய்கிறது, பல மடங்கு வலுவாக: பிரிந்த குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகள் உருவாகாமல் தடுக்கும். செல் இரண்டாகாமல், குரோமோசோம் மட்டும் இரட்டிப்பாகி நிற்கும்.

இதை ஜானகி அம்மாள் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மாக்னோலியா கோபஸ் நாற்றுகளில் செய்தார். சாதாரண மரத்துக்குக் குரோமோசோம் 38, இரட்டிப்பானால் 76. அப்படி வளர்ந்த மரங்களை அங்கே பேட்டில்ஸ்டன் குன்றில் நட்டார்கள், ஒரு வகைக்கு அவர் பெயரே இருக்கிறது.

அங்கே எப்படிப் போனார் என்பதையும் எழுதுங்கள். 1939 ஆகஸ்டில் எடின்பரோ மரபியல் மாநாட்டுக்குப் போனார், போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். 1940 முதல் 1945 வரை ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனம், பிறகு 1951 வரை விஸ்லி. மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-ல் வெளியிட்டார். அட்டையில் இரண்டு பெயரும் உண்டு, சார்ட்டிலும் இரண்டையும் போடுங்கள். நேரு அழைத்துத் திரும்பிவந்து தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். கடைசிக் காலம் சென்னைப் பல்கலைக்கழகத்தில், மதுரவாயலில். சைலன்ட் வேலி காட்டைக் காக்கக் குரல் கொடுத்தபோது அவருக்கு எண்பது வயது. 1984-ல் காலமானார்.

இன்னொன்று: அவர் கேரளத்தின் தீயர் சமூகத்தில் பிறந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். கோவையில் பெண் என்பதாலும் சாதியாலும் அவர் பட்ட சிரமத்தை வரலாறு எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சார்ட்டில் இதை விட்டுவிடாதீர்கள், ஒன்பதாம் வகுப்புக்கு இது புரியாத விஷயம் இல்லை.

கணுக்கரும்பு:

அமிலமே இல்லாமல் இன்னொரு செய்முறையும் வைக்கலாம். மக்காச்சோள ஆண் பூவைக் காலையில் தட்டினால் மகரந்தம் உதிரும். ஸ்லைடில் தூவி, மருந்துக்கடை டிங்சர் அயோடினைத் தண்ணீர் கலந்து ஒரு துளி விடுங்கள். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும், மலட்டு மகரந்தம் வெளிறியே நிற்கும். தாய்க் கரும்பைத் தேர்ந்தெடுக்க இதே சோதனைதான். அயோடின் அதிகமானால் எல்லாமே கறுத்துவிடும், கஷாய நிறத்துக்கு நீர்த்துக்கொள்ளுங்கள்.

வேர்நுனி:

வெங்காய ஸ்லைடில் கவர் ஸ்லிப்பின் ஓரத்தைச் சுற்றி நகப்பாலிஷ் பூசிவிட்டால் நாள் முழுக்கக் காயாது. ஆறு ஸ்லைடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செல் கிடைத்ததும் ஸ்லைடின் அடியில் மார்க்கரால் சின்ன வட்டம் போடச் சொல்லுங்கள், அடுத்து வருபவர்கள் தேடி அலைய வேண்டாம்.