மண்ணெண்ணெய் மெசினா, சோலார் பம்மா? யாழ்ப்பாணத்து வலிகாமக் கிணறுகளுக்கு எது சரி?

செம்பாட்டான்:
2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் ஒரே இரவில லீற்றர் 87 ரூபாவிலயிருந்து 340 ரூபாவுக்கு ஏறினது. அதுக்குப் பிறகும் ஏன் இரண்டு இஞ்சிக் குழாய் மண்ணெண்ணெய் இறைப்பு மெசினையே பிடிச்சுக்கொண்டிருக்கிறியள் எண்டு கேக்கத்தான் இந்த இழை.

4 பரப்பு சின்ன வெங்காயம் எண்டு வையுங்கோ, கிட்டத்தட்ட 1,000 சதுர மீற்றர். வெயில் நாளில பயிருக்கு 6 மில்லிமீற்றர் தண்ணி வேணும். வாய்க்கால் குடிக்கிறதையும் சேர்த்தால் நாளுக்கு 10,000 லீற்றர். மூண்டு நாளைக்கு ஒருக்கா இறைச்சால் ஒரு இறைப்புக்கு 30,000. மெசின் அதை இரண்டு மணித்தியாலத்தில முடிக்கும், இரண்டேகால் லீற்றர் எண்ணெய் குடிக்கும். 65 நாள் வெங்காயத்துக்கு 20 இறைப்பு, 45 லீற்றர். அந்த 340 ரூபா விலையில அது 15,300 ரூபா. ஒயில், பிளக், போயிட்டு வாற செலவு வேற.

அதே தண்ணியை 550 வாற் பனல் இரண்டும் 500 வாற் டிசி பம் ஒண்டும் பகலில இறைச்சுப்போடும். தண்ணி மட்டம் 6 மீற்றர், குழாய் உராய்வெல்லாம் சேர்த்து 10 மீற்றர் உயரம் எண்டால் நடுப்பகலில மணிக்கு 5,000 லீற்றர் வரும். பற்றரி தேவையே இல்லை.

சுண்ணக்கல்:
கணக்கு சரி, தோட்டம் பிழை. மணிக்கு 5,000 லீற்றரை செம்பாட்டு மண் வாய்க்காலில விட்டுப் பாருங்கோ. முதல் பத்துப் பாத்தி நனையும். கடைசிப் பாத்திக்குப் போக முதல் பாதித் தண்ணியை வாய்க்காலே குடிச்சிடும். மெசின் மணிக்கு 15,000 தள்ளுறதாலதான் அது கடைசிவரை ஓடுது. உங்கட 10,000 லீற்றர் கணக்கில இருக்கிற வாய்க்கால் இழப்பு, மெசின் வேகத்துக்கான இழப்பு. பம் மெதுவாகினால் இழப்பும் கூடும்.

அடுத்தது நிலத்தடித் தண்ணி. எங்கட நல்ல தண்ணி சுண்ணக்கல்லுக்குள்ள உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல 1 அடி நல்ல தண்ணி நிண்டால் கீழ 40 அடிக்கு இருக்கும். மேல ஒரு இஞ்சி குறைஞ்சால் கீழ உப்பு 40 இஞ்சி ஏறும். எண்ணெய்ச் செலவு இருக்கிறபடியால்தான் ஆக்கள் மெசினை நிப்பாட்டினம். வெயில் சும்மா வந்தால் ஆர் நிப்பாட்டுவினம்?

செம்பாட்டான்:
வாய்க்கால் விசயத்தை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அதுக்கு வழி இருக்கு. மூண்டாம் நாள் முழுத் தோட்டத்தையும் இறைக்காமல் தினமும் மூண்டில ஒரு பங்கை இறையுங்கோ. அல்லது கிணத்தடியில 10,000 லீற்றர் பெரோசிமெந்துத் தொட்டி ஒண்டைக் கட்டி, காலமையிலயிருந்து நிரப்பி, பின்னேரம் இரண்டு இஞ்சிக் குழாயால திறந்து விட்டால் வாய்க்காலுக்கு வேகம் கிடைக்கும். தொட்டியின்ர அடி தோட்டத்தைவிட ஒன்றரை மீற்றர் உயர நிக்கோணும். இல்லாட்டி அரைவாசி இறங்கினதும் தண்ணி நூலாகிடும்.

உப்பு விசயத்தில உங்களோட ஒத்துப்போகேலாது. கீழ இருந்து உப்பு கூம்பு மாதிரி மேல எழும்புறது இறைக்கிற வேகத்தையும் பொறுத்தது. 30,000 லீற்றரை இரண்டு மணித்தியாலத்தில உறிஞ்சினால் கிணத்து மட்டம் சடாரெண்டு விழும். ஆறு மணித்தியாலத்தில எடுத்தால் ஊற்று ஈடுகொடுக்கும். மெதுவான பம் கிணத்துக்கு நல்லது.

சுண்ணக்கல்:
ஒரு கிணத்துக்கு நல்லது. ஊரில இருக்கிற அத்தனை கிணறும் காலமை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் நாலு மணிவரை ஓடினால்? கூம்பு எழும்பாது, முழு மட்டமும் இறங்கும். தினமும் மூண்டில ஒரு பங்கு எண்டிறியள், தினமும் நிண்டு பாத்திக்குத் தண்ணி மாறுறதுக்கு ஆள் ஆர்? ஒரு ஆளின்ர கூலிக்கு எத்தினை லீற்றர் எண்ணெய் வரும் எண்டு அதையும் கணக்கில போடுங்கோ.

கம்பிவழி:
இரண்டு பேரும் கிணத்துக்குள்ளயே நிக்கிறியள். கொஞ்சம் மின்கம்பியைப் பாருங்கோ. வடகீழ்ப் பருவமழை மூண்டு மாதம் தோட்டத்துப் பனல் சும்மா கிடக்கும். அறுவடைக்கும் அடுத்த நடுகைக்கும் இடையிலயும் சும்மா. அதே பனலை வீட்டுக் கூரையில போட்டு மின்சார வலையமைப்புக்கு விற்றால் ஒரு நாளும் வீணில்லை. தோட்டத்துக்கு ஒரு குதிரைவலு மோட்டரை லைனிலயிருந்து ஓட்டலாம். 2016 இல வந்த சூரிய பல சங்கிராமய எண்ட கூரைச் சோலார்த் திட்டம் இதுக்குத்தானே.

செம்பாட்டான்:
அந்தத் திட்டத்தில முதல் 7 வருசத்துக்கு அலகுக்கு 22 ரூபா, பிறகு 13 வருசத்துக்கு 15.50 எண்டு இருந்தது. இப்ப புதுசாப் போடுற ஆளுக்கு அந்த விலை இல்லை. 2025 ஏப்ரலில புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலாரைப் பகலில நிப்பாட்டச் சொன்னதையும் மறந்திட்டியளா?

2022 இல 13 மணித்தியாலம் கரண்ட் நிண்டபோது கூரையில பனல் இருந்தவைக்கும் இருட்டுத்தான். லைன் போனதும், பனல் மின்சாரத்தை லைனுக்கு ஏத்தமாதிரி மாத்திற இன்வேட்டர் தானா நிண்டிடும். கம்பியில வேலை செய்யிற ஆளின்ர உயிருக்கான பாதுகாப்பு அது, குறை சொல்லேலாது. ஆனால் வெங்காயத்துக்கு அது விளங்காது.

கம்பிவழி:
அந்தப் புத்தாண்டு அறிவித்தல், 2025 பெப்ரவரி 9 நாடு முழுக்க இருண்ட பிறகு வந்த எச்சரிக்கை. விடுமுறையில பாவனை குறைவு, பகலில சோலார் கூட, வலையமைப்பை நிலையா வைச்சிருக்கிற பெரிய மின்நிலையச் சுழலிகள் குறைவு. ஒரு சின்ன உதறலையும் வலையமைப்பு தாங்காது.

கூரையில போடுறவைக்கு நானே ஒரு எச்சரிக்கை சொல்லுறன். ட்ரான்ஸ்போமருக்குத் தூர, லைன் கடைசியில வீடு எண்டால் முதல்ல மத்தியானத்தில வோல்ற்றேச்சை அளந்து பாருங்கோ. 230 இல நிக்கவேண்டியது ஏற்கெனவே 245 காட்டினால், உங்கட இன்வேட்டரும் தள்ளத் தொடங்க 250ஐத் தாண்டி நிண்டு நிண்டு எழும்பும். நல்ல வெயிலில ஒண்டும் விற்கேலாது. விண்ணப்பம் குடுக்க முதல் ட்ரான்ஸ்போமரில இடம் இருக்கோ எண்டு பகுதி அலுவலகத்தில கேக்கோணும்.

தோட்டத்தில போடுறவைக்கும் ஒண்டு. வீட்டில இருக்கிற சிங்கிள் பேஸ் மோட்டரை, வெயிலுக்குத் தக்கபடி வேகத்தை மாத்திற சோலார் ட்ரைவில பூட்டப் பாக்காதையுங்கோ. அந்தக் கப்பாசிற்றர் மோட்டர் வேகம் குறையேக்க சூடாகிக் கருகும்.

தீவார்:
தீவுக் கதையையும் கொஞ்சம் எடுங்கோவன். எழுவைதீவில காற்றாடி, சோலார், பற்றரி, டீசல் நாலும் சேர்ந்த மின்சாரம் ஏற்கெனவே இருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய மானியத்தில வாற திட்டமும் அதே மாதிரித்தான். சோளகம் எண்ட தென்மேற்குக் காற்று வைகாசியிலயிருந்து புரட்டாதிவரை இரவும் அடிக்கும், தோட்டத்துக்குத் தண்ணி வேணுமெண்ட காலமும் அதுதான். காற்றாடியை ஏன் ஒருத்தரும் கதைக்கேல்லை?

கம்பிவழி:
பளையில நிக்கிற மாதிரிப் பெரிய காற்றாடிக்கு மறுப்பில்லை. தோட்டத்துச் சின்னக் காற்றாடிக்கு உயரக் கோபுரம் வேணும், பனைக்கு மேல தலை நிக்கோணும், உப்புக்காற்று பெயரிங்கைத் தின்னும். ஏறித் திருத்த ஆள் இல்லை. பனல் சும்மா நிக்கும், கழுவினால் போதும்.

செம்பாட்டான்:
பனல் சும்மா நிக்காது, அதுக்கும் பிழை வரும். 10 பாகை தெற்குச் சாய்வு வையுங்கோ, அதிலும் குறைஞ்சால் மழைத்தண்ணி ஓடாமல் கீழ் விளிம்பில ஊத்தை படியும். ஒரு பனையின்ர நிழல் விழுந்தாலே அந்தப் பனலின்ர மூண்டில ஒரு பங்கோ கூடவோ போயிடும். புயலுக்கு ஒவ்வொரு பனலுக்கும் போதிய கொங்கிறீற் பாரம் வேணும். ஆணி துருப்பிடியா உருக்கு. பூமிக்கம்பி எங்கட கல்லில ஒன்றரை மீற்றர் இறங்காது. கிடையா வாய்க்கால் வெட்டிச் செப்புப் பட்டி தாழுங்கோ, இல்லாட்டி முதல் இடியோட பம் கொன்ரோலர் போயிடும்.

எல்லாத்தையும்விட அடிக்கடி வாற கோளாறு ஃபுட்வால்வ், உறிஞ்சு குழாயின்ர அடியில தண்ணியைத் திரும்ப இறங்க விடாமல் பிடிக்கிற வால்வு. மேல வைக்கிற பம்முக்கு முகில் ஒண்டு மறைச்சாலே போதும், நிக்கும், பிறகு எழும்பும். ஒரு நாளைக்கு இருபது தரம். ஃபுட்வால்வுக்குள்ள ஒரு மணல் அகப்பட்டிருந்தால் ஒவ்வொரு தரமும் குழாய்த் தண்ணி கிணத்துக்கே இறங்கிடும். பம் தண்ணி இல்லாமல் சுத்தி சீல் எரியும். மெசினில ஆள் பக்கத்தில நிக்கும், சத்தத்திலயே கண்டுபிடிக்கும். இதில ஆரும் நிக்கமாட்டினம். அதால நீருக்குள்ள இறக்குற பம்மையே வாங்குங்கோ, கிணத்து மட்டம் பாக்கிற சென்சரோட.

சுண்ணக்கல்:
இதைத்தான் கேக்க நிண்டன். சொட்டுநீர் சேர்த்தால் வாய்க்காலும் இல்லை, கூலியும் இல்லை எண்டு கடைக்காரர் சொல்லுவினம். எங்கட தண்ணியில சுண்ணாம்பு. கறுத்தக் குழாய் வெயிலில சூடாக, துவாரத்தில வெள்ளையாப் படியும். கிழமைக்கு ஒருக்கா கடைசி மூடியைக் கழட்டிக் கழுவோணும், போகத்துக்கு ஒருக்கா அமிலம் விடோணும். செய்யாட்டி இரண்டாம் போகத்தில பாதித் துவாரம் அடைச்சிடும். வடிகட்டி மட்டும் காணாது, சுண்ணாம்பு கரைஞ்சுதான் வருது.

ஆனால் என்ர பெரிய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எங்கட கிணறு பாதி பங்குக் கிணறு. இண்டைக்கு உங்கட முறை, நாளைக்கு என்ர முறை. மெசின் எண்டால் ஆளுக்கு ஆள் தன்ர மெசினைக் கொண்டு வந்து இறைப்பினம். பனல் கிணத்தடியில நிரந்தரமா நிண்டால், முகில் மூடின நாள் ஆற்ற முறை?

செம்பாட்டான்:
நாளை விட்டிட்டுத் தண்ணி மீற்றரில பங்கு பிரியுங்கோ. பம்மின்ர வெளிவாயில இரண்டு இஞ்சி மீற்றர் ஒண்டு. ஆளுக்கு இத்தினை ஆயிரம் லீற்றர். முடிஞ்சதும் வால்வு மற்றவற்ற பக்கம். உங்கட உப்புப் பயத்துக்கும் அதே மீற்றர்தான் மருந்து. மொத்தம் இவ்வளவுக்கு மேல எடுக்கிறேல்லை எண்டு பங்காளர் எல்லாரும் எழுதி வைக்கலாம்.

சுண்ணக்கல்:
எழுதி வைக்கலாம். கோடையில மிளகாய் வாடேக்க அந்தக் கடதாசியை ஆர் வாசிக்கிறது?